குகனுக்குப் பதிலாக ஒன்றரைப் பேர்

1

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், நான் ரொறன்ரோவில் வந்திறங்கிய நாளன்று, ஒரு பட்டியல் எழுதுவேன். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: இன்னும் விளங்காதவை. முதலாம் ஆண்டுப் பட்டியல் நீளமானது. "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நில்லாமல் ஏன் போகிறார்கள்? உறைபனிக் காலத்தில் ஏன் ஐஸ்கிரீம் தின்கிறார்கள்? அடுக்குமாடிகளில் பதின்மூன்றாம் மாடி எங்கே போனது? கடைசிக் கேள்விக்கு என் வேலையே பதில் தந்தது. மின்தூக்கிகளை இயக்கும் மென்பொருளைச் சோதிப்பவள் நான். பதின்மூன்றாம் மாடி இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பதினான்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஆண்டுப் பட்டியலில் ஒரே ஒரு வரி: ஒரு நல்ல ஆளைக் கொடுத்து வேறு ஆளை வாங்குவது எப்படி?

அந்த வரி வந்த விதம் இது. வேலை முடிந்து மார்க்கம் வீதியில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நான் ஸ்கோர் எழுதும் பேஸ்போல் அணியின் பயிற்சியாளர் டேவ் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். குகனை வடக்கே உள்ள அணிக்குக் கொடுத்தாயிற்று. பதிலுக்கு அங்கிருந்து ஸ்டீவ் வருகிறார். கூடவே இன்னோர் ஆட்டக்காரர், பெயர் பின்னர் அறிவிக்கப்படும். நாளைய ஆட்டக் குறிப்பில் திருத்திக்கொள்ளவும்.

குகன் எங்கள் கட்டடத்துப் பொடியன். வோபர்னில் அதே அடுக்குமாடியில் நான் நான்காம் மாடி, அவன் குடும்பம் ஒன்பதாம் மாடி. கட்டடத்துக்குள் நுழைந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, அவனுடைய அப்பா சிவராசா அங்கிள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, உண்மையோ? எங்கட பொடியனை வித்துப்போட்டாங்களாமே?"

"விக்கேல்லை அங்கிள். மாத்தினவங்கள்."

கதவு திறந்தது. அவர் உள்ளே வராமல் ஒரு காலை மட்டும் கதவுக்குக் குறுக்கே வைத்தார்.

"மாத்தினதெண்டா? இடமாற்றமோ?"

நாள் முழுக்க வேலை செய்த களைப்பில், மொழிபெயர்ப்பைப் பற்றி யோசிக்காமல், "ஓம்" என்றேன். அதன்பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு ஓமிலிருந்து வந்தவை.

2

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளையாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. அந்தப் பாதிதான் குழப்பும். எறிபவர் ஓடிவருவதில்லை. ஒரு சிறு மண்மேட்டில் நின்றபடி எறிவார். பந்து நிலத்தில் குத்தாமல் வரும். அடித்தால் ஓடியே ஆகவேண்டும்; மூன்று தளங்களைத் தொட்டுத் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் ஓர் ஓட்டம். கட்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற வசதி கிடையாது.

மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கும் எறியாளர் ஐந்தாறு இன்னிங்ஸில் களைத்துப்போவார். களைக்காவிட்டாலும் எதிரணி அவருடைய பந்தைப் பார்த்துப் பழகியிருக்கும். அப்போது மாற்று எறியாளர்களை இறக்குவார்கள். அவர்கள் மைதானத்தின் ஓரத்தில், கம்பி வலைக்குப் பின்னால், சூரியகாந்தி விதை கொறித்தபடி காத்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் புல்பென் என்று பெயர். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் எருதுப் பட்டி. "பட்டியில் ஆள் போதாது" என்று டேவ் முதன்முதலில் குறைப்பட்டபோது, இந்த மனிதருக்கு மாட்டுப் பண்ணையும் இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

டேவ் என் வேலையிடத்தில் மின்தூக்கி பொருத்துபவர்களின் மேற்பார்வையாளர். மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சியாளர். அணி ஸ்காபரோவில் ஒரு பூங்கா மைதானத்தில் ஆடும் சிறிய அணி. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. என்னுடைய சோதனை அறிக்கைகளின் அட்டவணைகளைப் பார்த்துவிட்டு, ஸ்கோர் எழுத வருவாயா என்று அவர்தான் கேட்டார். எனக்கு அது புதிதில்லை. கொக்குவிலில் அண்ணாவின் கழகத்துக்கு நான்தான் ஸ்கோர் எழுதினேன். மற்ற எல்லோரும் விளையாட வேண்டியிருந்தது.

இங்கே எழுதும் முறையில் சில விசித்திரங்கள் உண்டு. அடிப்பவர் மூன்று முறை தவறவிட்டு வெளியேறினால் ஆங்கில 'கே' எழுத்தைப் போட வேண்டும். ஏன் கே என்று பலரைக் கேட்டேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். குகன் எறியும் நாட்களில் என் தாள் முழுக்கக் கே.

அவனுக்கு இருபது வயது. கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பை இந்த வசந்தத்தில் முடித்துவிட்டு டயர்க் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். வேகமான வலக்கை. இவனைப் போன்றவர்களை இங்கே 'ப்ரொஸ்பெக்ட்' என்கிறார்கள். தமிழில் என்ன என்று நெடுநாள் தேடினேன். 'வரப்போகிற ஆள்' என்பதுதான் கிட்ட வந்தது. வரப்போகிற ஆளை வைத்துக்கொண்டு இன்றைய ஆட்டத்தை வெல்ல முடியாது என்பது டேவின் தொல்லை. ஆறாம் இன்னிங்ஸ் வரை முன்னால் நிற்போம், எட்டாவதில் தோற்போம். பட்டியில் ஆளில்லை. அதனால்தான் வரப்போகிற ஆளைக் கொடுத்து, வந்து முடித்த ஆளை வாங்கினார்.

3

அன்று மாலையே ஒன்பதாம் மாடிக்குக் கூப்பிட்டார்கள். சிவராசா அங்கிள் ஊரில் கல்விக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர், அதிலும் ஆசிரியர் இடமாற்றப் பகுதியில். இங்கே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் தொழிற்சாலை ஆள் மறைந்து, கந்தோர் ஆள் வந்துவிட்டார்.

"ஆர் ஓடர் போட்டது?"

"டேவ்தான்."

"காரணம் குறிப்பிட்டிருக்கோ?"

"கடைசி இன்னிங்ஸுகளிலை எறிய ஆள் தேவையாம்."

"அப்ப, சேவையின் தேவை கருதி," என்றார். சொன்ன விதத்தில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. இலங்கையில் அரசாங்க வேலை பார்த்த எல்லாருக்கும் இந்த மூன்று சொற்கள் தெரியும். காரணம் சொல்ல விருப்பமில்லாத எல்லா இடமாற்றக் கட்டளைகளிலும் அவைதான் இருக்கும்.

"ஒத்துமாறலோ, தனி மாற்றமோ?"

"ஒத்துமாறல் மாதிரித்தான். ஸ்டீவ் எண்டு ஒருத்தர் வாறார். தாடிக்காரர். போன வருசம் பதினொரு சேவ்."

"பதினொரு வருச சேவையோ? அப்ப மூப்பு இருக்கு. அதிலை நான் பிழை சொல்லமாட்டன்."

சேவ் என்பது, மாற்று எறியாளர் கடைசியில் வந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தால் அவர் பெயரில் விழும் கணக்கு. விளக்க வாயெடுத்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"மற்றவர் ஆர்?"

"பெயர் பிறகு அறிவிப்பினமாம்."

"பேரில்லாத ஆளோ!" கண்ணாடி மறுபடி கழன்றது. "பேரில்லாமல் எப்பிடியம்மா ஆளை மாத்திறது? உப்பிடி ஒரு கோவை என்ர மேசைக்கு வந்திருந்தா, கொண்டுவந்த பியோனோடை சேத்துத் திருப்பி அனுப்பியிருப்பன்."

பல்கனியில் அன்ரி மிளகாய்க் கன்றுகளை யோகட் டப்பாக்களிலிருந்து பெரிய சட்டிகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இஞ்சாருங்கோ, ஒருத்தனுக்கு ரெண்டு பேர் குடுக்கினம் எண்டா எங்கட பிள்ளை பெறுமதியான ஆள்தானே?"

"ரெண்டில்லை. ஒண்டரை. மற்றவனுக்குப் பேரில்லை."

அறைக்குள்ளிருந்து குகன் பெரிய பையோடு வெளியே வந்தான். "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் அ ட்ரேட். எவ்ரிபடி கெட்ஸ் ட்ரேடட்."

"நீ பேசாமல் இரு. ஓடர் இன்னும் கையிலை கிடைக்கேல்லை. மேன்முறையீடு செய்தா, முடிவு வருமட்டும் பழைய இடத்திலையே இருக்கலாம். விதி இருக்கு."

"வாட் விதி?"

"மூண்டு மணித்தியாலம் ஓடவேணுமாம் அந்த ஊருக்கு. எங்கை தங்கிறது, என்ன சாப்பிடுறது? ஒரு பிள்ளை. இஞ்சை ஒரு வேலையைப் பாத்துக்கொண்டு வீட்டோடை இருக்கட்டும் எண்டு பாத்தா..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அதுதான் விஷயம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த அணி அவனுக்கு ஒரு மர ஆலையில் வேலையும் தங்க ஒரு நிலவறையும் ஒழுங்கு செய்திருந்தது. கோடை முடிந்தாலும் திரும்பி வருவான் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

அன்ரி கையில் மண்ணோடு வாசலில் வந்து நின்றார். "யோகட் டப்பாவுக்குள்ளையே விட்டா இலைதான் வரும். காய் வராது."

"நீர் கன்றைப் பாரும். இது ஆள்."

மறுநாள் விடியவே குகன் போய்விட்டான். விதி அவனுக்குத் தெரியாது.

4

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கதைப்பேன். அம்மா ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்தார்.

"நானும் ஒரு ஆளைக் குடுத்து வாங்கின ஆள்தான். மறந்திட்டியோ?"

மறக்கவில்லை, ஆனால் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு நான்கைந்து வயதாக இருந்தபோது அம்மாவுக்கு மன்னாரில் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணம் வர வேண்டுமென்றால், மன்னாருக்குப் போக விரும்பும் ஒருவரை அவரே தேடிப் பிடிக்க வேண்டும். அதுதான் ஒத்துமாறல். கலியாணத் தரகர் போல இதற்கென்று விசாரித்துத் திரிபவர்கள் கூட இருந்தார்களாம். கடைசியில் ஒரு கணித ஆசிரியை அகப்பட்டார். இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாழ்ப்பாண பஸ் நிலையத்தில், சந்தித்தார்கள்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"அறைப் பூட்டின்ர திறப்பை மாத்தினம். நான் இருந்த அறை அவவுக்கு. எந்தக் கிணறு உவர், ஆர் வீட்டிலை பால் வாங்கலாம், எந்த ஜன்னலுக்குள்ளாலை மழை அடிக்கும், எல்லாம் சொல்லிக் குடுத்தன். மண்ணெண்ணெய் அடுப்பையும் விட்டிட்டு வந்தன்."

"அப்பிடி விதியோ?"

"விதியில்லை, முறை. போற ஆள் வாற ஆளுக்கு இடம் விட்டுக் குடுத்தாத்தான் மாற்றம் முடிஞ்சமாதிரி."

பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தார். என் அறை பூட்டித்தான் கிடக்கிறதாம். நான் வந்தால் திறப்பார்களாம். வாரம் ஒரு தடவை கதவை மட்டும் தூசி தட்டுகிறாராம்.

கைப்பேசியை வைத்த பிறகும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது. கனடா என்னைத் தெரிவுசெய்தது புள்ளி போட்டு. வயதுக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆங்கிலத்துக்கு இத்தனை. டேவும் மற்றப் பயிற்சியாளரும் குகனைப் பார்த்த விதத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நானும் ஒரு வரப்போகிற ஆளாகத்தான் வந்தேன். ஒரு வித்தியாசம் உண்டு: என்னை எடுத்தவர்கள் பதிலுக்கு யாரையும் கொடுக்கவில்லை. கொக்குவிலுக்குப் போயிருக்க வேண்டிய அந்த ஒருவரின் பெயர் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

5

மேன்முறையீட்டை அங்கிள் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன். இடமாற்றத்தை இரத்துச் செய்யக் கோருவதற்கான காரணங்கள் நான்கு.

ஒன்று: மேற்படி குகன் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.

இரண்டு: தாயாருக்குச் சீனி வருத்தம்.

மூன்று: புதிய இடம் அதிகஷ்டப் பிரதேசம். கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை, பஸ்ஸும் நினைத்த நேரத்துக்கு இல்லை.

நான்கு: ஓரிடத்தில் ஓராண்டு சேவையாவது பூர்த்தியாகுமுன் ஒருவரை மாற்றும் வழக்கம் எங்கும் இல்லை.

"அதிகஷ்டம் எண்டு ஆர் தீர்மானிச்சது அங்கிள்?"

"நான்தான். எத்தினை பள்ளிக்கூடத்தைத் தரம் பிரிச்சனான்! ஒரு ஊரைப் பாக்காமலே சொல்லுவன்."

இன்னொரு சிக்கல் வந்தது. மேன்முறையீட்டை நேரே மேலிடத்துக்குக் கொடுக்கக் கூடாது, யாராவது ஒருவர் ஊடாகத்தான் போக வேண்டும். அணியில் அவருக்குத் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் நான். 'ஸ்கோர் எழுதுபவர் ஊடாக' என்று மேலே போடச் சொன்னார். போட்டேன்.

டேவ் அதை எருதுப் பட்டியின் கம்பி வலையில் சாய்ந்து நின்று வாசித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மறுபடியும் வாசித்தார். இவ்வளவு காலத்தில் ஒரு மாற்றத்துக்கு எதிராக யாரும் எழுத்தில் முறையிட்டதில்லை என்றார். அதிகஷ்டப் பிரதேசம் என்றால் என்ன என்று கேட்டார், விளக்கினேன். அங்கே நுளம்புக்கடி அதிகம், அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு, வாயிலிருந்த விதைக் கோதைத் துப்பிவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். பெயர் அறிவிக்கப்படாத அந்த ஆட்டக்காரர் இன்னும் வரவில்லை. ஆகஸ்டில் அந்த அணி சில பெயர்களைத் தரும், அதில் ஒருவரை இவர் எடுக்கலாம். குகன் அங்கே இருக்க விரும்பவில்லை என்று தன் வாயால் சொன்னால், அவர்களே அவன் பெயரையும் அதில் சேர்த்துவிடுவார்கள். மனமில்லாத எறியாளரால் யாருக்கும் பயனில்லை. ஓர் ஆளைக் கொடுத்து, கடைசியில் பதிலுக்கு அதே ஆளையே வாங்கிய கதை இந்த விளையாட்டில் முன்பும் நடந்திருக்கிறதாம்.

எனக்கு அது ஓர் அழகான கணக்காகத் தெரிந்தது. ஒன்றிலிருந்து அதே ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒரு தாடிக்காரர்.

அங்கிளிடம் சொன்னபோது அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "பாத்தியே பிள்ளை, மேன்முறையீடு வேலை செய்யுது! இனி அவன் வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னாச் சரி."

குகன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கேட்டால் "பாப்பம் அப்பா" என்பான். ஆனால் தன் அம்மாவுக்கு அடிக்கடி போன் எடுத்தான். "வீட்டிலை இருக்கேக்கை 'ஹாய் மாம்', 'பாய் மாம்' மட்டுந்தான்," என்றார் அன்ரி என்னிடம், மின்தூக்கியில். "இப்ப, பருப்புக்கு உப்பு எப்ப போடுறது, தாளிக்கிறதுக்கு எண்ணெய் எவ்வளவு சூடாக வேணும் எண்டு முழுக்கத் தமிழிலை கேக்கிறான். தாளிக்கிறதுக்கு இங்கிலீசு தெரியாதாம் அவனுக்கு."

எனக்கும் தெரியாது. நிலத்தளம் வரும்வரை இருவரும் யோசித்தோம்.

6

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அங்கிள், அன்ரி, நான் மூவரும் அவர்களுடைய காரில் வடக்கே போனோம். அங்கிள் வழி முழுக்க என்னோடு ஒத்திகை பார்த்தார். ஆட்டம் முடிய, சாப்பாடு கொடுத்து, வயிறு நிறைந்த பிறகு, மெதுவாகக் கேட்பது. அவன் ஓம் என்றதும், அங்கேயே வைத்து நான் டேவுக்குச் செய்தி அனுப்புவது. ஊரை நெருங்கியதும் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. ஏரி நீலமாகக் கிடந்தது. வீதி சுத்தமாக இருந்தது.

"கஷ்டம். அதிகஷ்டம் எண்டு சொல்லேலாது," என்று தரத்தை ஒரு படி இறக்கினார்.

மரப்பலகை ஆசனங்கள். கூட்டம் எங்கள் பூங்காவைவிட அதிகம். குகன் தொடங்கினான். முதல் ஆளைத் தவறவிட வைத்ததும், முன்வரிசையில் ஒரு சிறுமி 'கே' என்று எழுதிய அட்டையை வேலியில் மாட்டினாள். அடுத்ததற்கு இன்னொன்று. அன்ரி என் கையைப் பிடித்தார்.

"பாருங்கோ பிள்ளை, பேரின்ர முதலெழுத்தைத் தூக்கி வச்சிருக்கினம்!"

நான் திருத்தவில்லை. அன்று எனக்கு ஸ்கோர் எழுதும் வேலையும் இல்லை.

ஆறாம் இன்னிங்ஸில் கெட்ட நேரம் வந்தது. இரண்டு நல்ல அடி, பந்துகள் இலக்குத் தவறியதால் ஒருவருக்கு முதல் தளத்துக்கு இலவச நடை. மூன்று தளங்களிலும் ஆட்கள். கம்பி வலைக்குப் பின்னால் ஒருவர் எழும்பித் தோளைச் சுழற்றத் தொடங்கினார். அந்த அணியின் பயிற்சியாளர் மண்மேட்டை நோக்கி நடந்தார். அங்கிளுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். ஸ்காபரோவில் டேவ் இப்படி நடந்து வந்தால் கையை நீட்டுவார், குகன் பந்தைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி வருவான்.

"எடுக்கப் போறாங்கள்," என்று அங்கிள் எழும்பி நின்றார். குரலில் கவலை பாதி. மற்றப் பாதி என்னவென்று அவருக்கே தெரிந்திருக்கும்: இதோ, இங்கேயும் மதிப்பில்லை, கூட்டிக்கொண்டு போகலாம்.

பயிற்சியாளர் ஏதோ சொன்னார். குகன் ஏதோ சொன்னான். அவர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி நடந்தார். வலைக்குப் பின்னால் நின்றவர் மறுபடி உட்கார்ந்து விதை கொறிக்கத் தொடங்கினார்.

அடுத்த பந்து அடிபட்டது. இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்தார்கள். அணி பின்னுக்குப் போனது. அங்கிள் உட்காரவில்லை. பயிற்சியாளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இடத்தை விட்டு அசையவே இல்லை. குகன் தொப்பியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு எறிந்தான். அடுத்தவன், அதற்கடுத்தவன், மூன்றாமவன் வெளியேறினார்கள். ஏழாம் இன்னிங்ஸிலும் அவனே வந்தான்.

"அடிவாங்கியும் எடுக்கேல்லை," என்றார் அங்கிள், கணக்கில் ஏதோ புதிய வரியைக் கண்டவர் போல.

ஆட்டம் தோல்வி. கார் நிறுத்துமிடத்தில் அன்ரி இடியப்பப் பெட்டியைத் திறந்தார். குகன் காரின் பின்பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். தோற்றவனைப் போல இல்லை, பசித்தவனைப் போலச் சாப்பிட்டான். அங்கிள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியைக் கையில் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தாள் என்ன சொன்னவர், நடுவிலை வந்து?" என்று கேட்டார்.

"உன்ர மெஸ், நீயே கிளீன் பண்ணு எண்டவர்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஓகே எண்டன்."

நுளம்பு கடித்தது. அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு அங்கிள் கேட்டார்:

"இருக்கிற இடத்திலை தண்ணி எப்பிடி?"

"ஏரித் தண்ணிதானே அப்பா. நல்லது."

"ம்," என்றார். அவ்வளவுதான். பேச வந்த பேச்சு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

திரும்பி வரும்போது பாதி வழியில் அங்கிள் வானொலியை நிறுத்தினார். பிறகு, "பிள்ளை, மேன்முறையீட்டை வாபஸ் வாங்கவேணும். எழுத்திலைதான் குடுக்கவேணும்," என்றார்.

"காரணம் என்னெண்டு போட?"

வீதியைப் பார்த்தபடியே சொன்னார். "பொடியனை நிரந்தரமாக்கிப் போட்டாங்கள். நீர் உப்பிடியே போடும்: சேவையின் தேவை கருதி."

பின்னாசனத்தில் அன்ரி யன்னல் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அழுதாரா சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.

7

ஆகஸ்ட் தொடக்கத்தில் பெயர் அறிவிக்கப்பட்டது. ஜோயல். நெட்டையான, அதிகம் கதைக்காத இடக்கைக்காரன். கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவன். பெரிய நகரத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. ரொறன்ரோ வாடகையைக் கேட்டதும், அது மாதத்துக்கா வருடத்துக்கா என்று கேட்டான். யாரிடமாவது ஓர் அறை இருக்கிறதா என்று டேவ் எல்லோரையும் விசாரித்தார்.

நான் இதை அங்கிளிடம் சொன்னது உதவி கேட்டல்ல. ஒவ்வொரு கிழமையும் "பேர் வந்திட்டுதோ?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லத்தான்.

"ஜோ-யல்." மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது அவருக்கு. ஒண்டரை இப்போது ரெண்டாகிவிட்டது. "எங்கை தங்கிறான்?"

"அறை தேடுறான்."

"ஏன் தேடுறது? எங்கட பொடியன்ர அறை கிடக்குத்தானே. ஒத்துமாறலிலை அதுதானே முறை."

நான் அம்மாவின் கதையை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. ஆயிரம் ஆசிரியர்களின் திறப்புகள் கைமாறியதைப் பார்த்தவர் அவர்.

அன்ரிக்கு ஒரே ஒரு கவலை. "கறி உறைக்குமே அவனுக்கு?" அதற்கு அங்கிள், "அதிகஷ்டப் பிரதேசம் எண்டு முதலே சொல்லிப்போடுவம்," என்றார்.

ஜோயல் இரண்டு பைகளோடு வந்த அன்று நானும் போனேன். அங்கிள் அவனுக்குக் கட்டடத்தைக் காட்டிக் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். மைதானத்துக்கு இந்த பஸ். இடப்பக்க மின்தூக்கியை நம்பாதே, அது ஐந்தாம் மாடியில் நின்று யோசிக்கும், ஏன் என்று இந்தப் பிள்ளையைக் கேள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பல்கனியில் மிளகாய்ச் செடிகள் காய்த்துச் சிவந்திருந்தன. அன்ரி ஒன்றைப் பறித்துக் காட்டி, "திஸ் ஒன், நோ," என்று எச்சரித்தார்.

அந்த ஞாயிறு அம்மாவிடம், என் அறையைத் திறந்து யாருக்காவது கொடுங்கள் என்றேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூர இடத்திலிருந்து வரும் ஆசிரியைகள் இருப்பார்கள்.

"ஆருக்கெண்டு குடுக்கிறது?"

"பெயர் பிறகு அறிவிப்பினம்," என்றேன். அம்மா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. திறப்பு எங்கே வைத்தேனோ என்றார்.

ஒன்பதாம் மாடியில், ஜோயல் வந்த அன்று, நான் புறப்படும் நேரத்தில் குகன் காணொளியில் வந்தான். மர ஆலையில் தூசி பட்ட முகம். கைப்பேசியை அங்கிள் நீட்டிப் பிடித்திருந்ததால், பின்னால் திறந்த கதவும், கட்டிலில் உட்கார்ந்து காலணி கழற்றிக்கொண்டிருந்த ஜோயலும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா! ஹூ இஸ் தட் இன் மை ரூம்?"

"உனக்குப் பதிலா வந்தவர்."

"வாட்? அப்ப நான் வந்தா எங்கை படுக்கிறது?"

"லீவிலை வாற ஆக்களுக்கு ஹோல் இருக்கு," என்றார் அங்கிள்.

கைப்பேசியை அன்ரியிடம் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய் ஜோயலிடம் தலையால் ஒரு மன்னிப்புக் கேட்டு, கட்டிலிலிருந்து குகனின் தலையணையை மட்டும் எடுத்துவந்தார். ஹோலில் சோபாவின் ஒரு மூலையில் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு, மின்விசிறியின் காற்று நேரே படும் மற்ற மூலைக்கு அதை மாற்றினார்.